நான் சேர்த்து எழுதிய ஐந்தாவது வரி

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே துறையில் ஒரு தாள் கொடுத்தார்கள். லேப்டாப் வாங்குகிறவர்கள் இதற்குக் குறையாமல் பார்த்து வாங்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த நான்கு வரிகள். பிராசஸர் இன்னது, ராம் எட்டு ஜிபி, எஸ்எஸ்டி இவ்வளவு, திரை பதினைந்து இன்ச். விருதுநகரிலிருந்து ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தத் தாளைப் புத்தகத்தின் மேல் வைத்து, ஐந்தாவதாக ஒரு வரியை நானே எழுதினேன். தனி கிராபிக்ஸ் கார்டு, நான்கு ஜிபிக்குக் குறையாமல். பஸ் குலுங்கியதில் எழுத்து கோணிக்கொண்டு போனது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அச்சு எழுத்துக்கும் பேனா எழுத்துக்கும் வித்தியாசம் தெரியும், ஆனால் கேட்கமாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கார்டு பாடத்துக்கு வேண்டியதில்லை. கேம் ஆடத்தான் வேண்டும்.

இதை இப்போது எழுதும்போதுகூட, ஏதாவது நல்ல காரணம் சொல்லித் தப்பிக்கலாமா என்று கை தேடுகிறது. சொல்லப்போவதில்லை. பிளஸ் டூ படிக்கும்போது தோழி வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடும் கேம் ஒன்றை ஆடக் கற்றுக்கொண்டேன். ஆடுகிற நேரத்தில் அம்மா ஞாபகம் வராது. நிறுத்தினால் வந்துவிடும். அவ்வளவுதான். பெண்பிள்ளை இதையா ஆடும் என்று உச்சுக்கொட்டினவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் அம்மாக்கள் உயிரோடு இருந்தார்கள்.

எங்கள் அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்த்தாள். அப்பாவும் அதே ஆலைதான். வெம்பக்கோட்டை பக்கம். நான் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம், தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த நாளில், வெடிமருந்து அடைக்கிற அறை ஒன்று வெடித்தது. அம்மா அந்த அறையில் இருந்தாள். அப்பா வெளியே, வெடிகளைக் காயவைக்கிற மேடையில் நின்றுகொண்டிருந்தார். அறைக்கும் மேடைக்கும் முப்பது அடிகூட இருக்காது என்று பிறகு சொன்னார்கள். புகை கிளம்பியதும் ஃபோர்மேன் ஓடச் சொல்லிக் கத்தியிருக்கிறார். அப்பா ஓடினார்.

எங்கள் பக்கம் இதில் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அதுதான். புகையைப் பார்த்தால் ஓடு, சாமானை எடுக்காதே, செருப்பைத் தேடாதே, திரும்பிப் பார்க்காதே. உங்கப்பா திரும்பியிருந்தால் ரெண்டு பேரையும் தூக்கிக் கொடுத்திருப்பாய், கடவுள் ஒருத்தரையாவது விட்டுவைத்தான் என்று வந்தவர்கள் எல்லாரும் என் தலையைத் தடவிச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அந்த அறைப் பக்கமே போகாமல், ஆலைக் கேட்டைப் பார்த்து ஓடினீர்களே, ஏன் என்று மட்டும் உள்ளுக்குள் ஒரு கேள்வி கிடந்தது. கேட்கவில்லை. அப்பாவுக்கு நான், எனக்கு அப்பா, வீட்டில் வேறு ஆள் இல்லை. கேட்டுவிட்டால் பிறகு ஒரே கூரையின் கீழ் எப்படிச் சாப்பிடுவது, எப்படிப் படுப்பது என்று பயந்தேன்.

அந்த ஆலையை மூடினார்கள். முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அப்பா தாயில்பட்டி பக்கம் வேறொரு ஆலைக்கு வேலைக்குப் போனார். அவருக்கு வேறு வேலை தெரியாது.

அதன் பிறகு இரண்டு வருஷமாக நான் கேட்ட எதையும் அவர் மறுத்ததில்லை. புது ஃபோன் கேட்டேன், வந்தது. பள்ளிச் சுற்றுலாவுக்குக் கேட்டேன், போனேன். ஏன் மறுப்பதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்கு நான் அவரிடம் வாடகை வாங்கிக்கொண்டிருந்தேன். நல்ல பிள்ளை என்று ஊரில் எனக்குப் பெயர்.

லேப்டாப்புக்கு எடுக்கப்போவது அம்மாவுக்கு வந்த நஷ்டஈட்டுப் பணம். அது பேங்கில் என் பெயரிலும் அப்பா பெயரிலும் கிடந்தது. விஷயம் தெரிந்து தாய்மாமன் வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார்.

"அது எங்க தங்கச்சி செத்த காசு மாப்ள. கல்யாணத்துக்கு நாலு பவுனா ஆக்குவீகளா, கம்ப்யூட்டர் பெட்டி வாங்குறேன்னு நிக்கீக. சாதாப் பெட்டி போதாதாமா?"

அப்பா தாளை எடுத்து நீட்டினார். "காலேஜ்ல கேட்டிருக்காக மச்சான். எழுதியே குடுத்திருக்காக."

மாமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. கோணலாகக் கிடந்த ஐந்தாவது வரியில் விரலை வைத்து, "இது என்ன, கையால எழுதிருக்கு?" என்றார். நான் அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தேன். "மேடம் பெறகு சேத்து எழுதுனாங்க மாமா" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். மாமா காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

ஒரு மாதம் நான் வேறு எதையும் படிக்கவில்லை. ஃபோனில் லேப்டாப் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். ஒரே பெயரில் வரும் கார்டுதான், ஒரு லேப்டாப்பில் பறக்கும், இன்னொன்றில் நொண்டும். அதற்குக் கொடுக்கிற மின்சாரம்தான் காரணம், வாட் கணக்கைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். ஒல்லியாக அழகாக இருப்பதை வாங்கினால் சூடு தாங்காது. எட்டு ஜிபி ராமை ஒரே துண்டாகப் போட்டிருந்தால் பின்னால் இன்னொன்று சேர்க்க இடம் இருக்கிறதா பார்க்க வேண்டும். திரை நொடிக்கு எத்தனை தடவை மாறுகிறது என்பதையும் விட்டுவிடக்கூடாது. பரீட்சைக்கு இந்த அளவு படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

விருதுநகரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடிக் கடை. அப்பா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டை, புது வேட்டி. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அலுமினியப் பவுடர் நகக்கண்ணை விட்டுப் போகாது, அதனால் கைகளை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஏசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை தும்மினார், தும்மியதற்கு யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தார்.

கடைக்காரப் பையனுக்கு என் வயசுதான் கூடக் குறைய இருக்கும். தாளை வாங்கிப் பார்த்தான். ஐந்தாவது வரிக்கு வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனும் ஆடுகிறவன் போல.

"காலேஜுக்கு மட்டுமா, இல்ல கேமும் ஆடுவீகளா?" என்று வேண்டுமென்றே கேட்டான்.

"கோர்ஸுக்கே வேணும்ணே. த்ரீடி சாஃப்ட்வேர் ஓடணும்."

"அப்ப சரி" என்று சிரித்துக்கொண்டே மூன்று லேப்டாப்புகளை வரிசையாக வைத்தான். முதலாவது சாதா. எடை குறைவு, விலையும் குறைவு, பாடத்துக்குத் தாராளம். இரண்டாவதில் கார்டு இருந்தது, ஆனால் வாட் கம்மி. மூன்றாவதைத்தான் நான் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு, கனம், பின்பக்கம் முழுக்கக் காற்றுப் போகிற ஓட்டைகள். சாதாவை விட இருபத்தாறாயிரம் கூட.

கார்டின் திறமையைக் காட்ட அவன் ஒரு கேமைப் போட்டான். திரையில் ஒரு கார் வெடித்து எரிந்தது. "தீயப் பாருங்கண்ணே" என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினான். "பொறி ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியும். புகை எப்பிடிச் சுருளுது பாருங்க. சாதா லேப்டாப்ல இதெல்லாம் கட்டம் கட்டமாத்தான் தெரியும்."

அப்பா குனிந்து பார்த்தார். நான் திரும்பிக்கொண்டேன். கடைக்காரனை அடிக்கலாம் போல வந்தது, ஆனால் அவனுக்கு என்ன தெரியும். தவிர, அந்தத் தீயை அந்த அழகில் பார்ப்பதற்குத்தானே நான் வந்திருக்கிறேன்.

"புகை இப்பிடி வராது தம்பி" என்றார் அப்பா, நிதானமாக, தன் வேலையைப் பற்றி யாரோ கேட்டது மாதிரி. "மொதல்ல சிர்ர்னு ஒரு சத்தம் வரும். பெறகு வெள்ளையாப் புகை. அதுக்குப் பெறகுதான் வெடிக்கும்."

கடைக்காரன் என்னைப் பார்த்தான். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "இது சூடாகுமா?"

"கேம் ஆ... த்ரீடி ஓட்டுனா சூடாகும்ணே. உள்ள ரெண்டு ஃபேன் இருக்கு, சூட்ட வெளிய தள்ளிரும். மேசையில வச்சு யூஸ் பண்ணச் சொல்லுங்க. மெத்தை, தலகாணி, மடி இதுல வச்சா ஓட்டை அடைச்சுக்கிரும்."

"எது பாப்பாவுக்கு வேணுமோ அதையே போடுங்க தம்பி" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்து, சாமி படத்துக்கு முன்னால் லேப்டாப்பை வைத்து, சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்டோம். பக்கத்தில் அம்மா ஃபோட்டோ. அப்பா அதற்கும் சூடம் காட்டினார். எனக்கு அப்போதுகூட வெட்கமாக இல்லை. சார்ஜ் எப்போது ஏறும், கேம் எப்போது இறங்கும் என்றுதான் இருந்தது.

சொன்னபடி எல்லாம் ஓடியது. நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று திரையின் ஓரத்தில் எண் ஓடும், அதைப் பார்ப்பதிலேயே ஒரு சந்தோஷம். பகலில் கல்லூரி, வந்ததும் கேம். அப்பா வேலையிலிருந்து வந்து தானே சோறு போட்டுக்கொள்வார். நான் படிக்கிறேன் என்று நினைத்து, பாத்திரத்தைக்கூடச் சத்தம் வராமல் வைப்பார்.

சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மேசை ஜன்னலோரம், அங்கே வெயில். அதனால் கட்டிலில் சாய்ந்து, மடியில் தலையணை போட்டு, அதன் மேல் லேப்டாப்பை வைத்து ஆடிக்கொண்டிருந்தேன். காதில் ஹெட்ஃபோன். தலையணையையும் தாண்டித் தொடை சுட்டது, தெரிந்துதான் இருந்தது. அந்த ஆட்டம் முடியட்டும் என்று இருந்தேன். ஃபேன் இரண்டும் மூச்சு முட்டிச் சிர்ர்ரென்று கத்தியிருக்கின்றன. எனக்குக் கேட்கவில்லை.

அப்பா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்திருக்கிறார். சத்தத்தைக் கேட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் திரும்பவில்லை. கிட்டே வந்து லேப்டாப்பின் அடியில் கை வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: குடம் விழுந்து உருண்டது, என் காதைப் பிய்த்துக்கொண்டு ஹெட்ஃபோன் போனது, லேப்டாப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்பா வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் ஒருவர் ஓடினால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கிற நேரத்தில் நாலு எட்டு ஓடிவிடலாம். அப்பா ஓடுவதைப் பார்த்ததும் தெரு முழுக்க ஓடியது. சோற்றில் கைவைத்தவர்கள் கையோடு எழுந்து ஓடினார்கள். எதிர்வீட்டு அக்கா பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். எல்லாரும் அப்பா ஓடின திசைக்கு எதிர்த்திசையில் ஓட, நான் மட்டும் அப்பாவுக்குப் பின்னால் ஓடினேன்.

தெருமுனையில் கருவேலங்காடு. அதற்குள் லேப்டாப்பை வீசி எறிந்தார். எறிந்த வேகத்தில் அப்படியே குப்புற விழுந்து, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"வராத பாப்பா! வராத! படு!" என்று மண்ணுக்குள் முகத்தை வைத்துக்கொண்டே கத்தினார்.

ஒன்றும் வெடிக்கவில்லை. முள்ளுக்குள்ளிருந்து ஃபேன் மட்டும் சிர்ர்ரென்று கத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் நிற்காததால் அவர் எழுந்திருக்கவும் இல்லை. ஐம்பது வயசு மனுஷன், பட்டப்பகலில், சுடுமண்ணில் குப்புறக் கிடந்தார். தெருக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து தூரத்தில் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவேளை நான் அவர் பக்கம் சேர்ந்திருப்பேன்.

நான் முள்ளுக்குள் எட்டிப் பார்த்தேன். திரையில் குறுக்கே விரிசல் ஓடியிருந்தது. ஒரு மூலை பிளந்து உள்ளே பச்சைத் தகடு தெரிந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எழுபதாயிரம், அம்மா, ஒரு மாதம் பார்த்த வீடியோக்கள், தெருவே வேடிக்கை பார்க்கிற அவமானம், எல்லாம் சேர்ந்து வாயில் வந்து நின்றது.

"அன்னைக்கு ஓடுனீகல்ல?" என்று கத்தினேன். "அம்மாவ உள்ள விட்டுட்டு ஓடுனீகல்ல? இன்னைக்கும் அப்பிடியே ஓட வேண்டியதுதான! இத எதுக்குத் தூக்குனீக?"

தெருவில் எல்லாருக்கும் கேட்டது. எதிர்வீட்டு அக்கா "ஏய்" என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

அப்பா காதிலிருந்து கையை எடுத்தார். எழுந்து உட்கார்ந்தார். நெற்றியிலும் நெஞ்சிலும் மண். முழங்கைக்குக் கீழே முள் கிழித்து ரத்தம். என்னை நிமிர்ந்து பார்த்து, நான் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"உன் மடியில இருந்துச்சே பாப்பா."

அவர் காட்டுக்குள் போய் லேப்டாப்பை எடுத்து, மூடி, துண்டால் துடைத்தார். வீடு வரைக்கும் அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். தெருக்காரர்கள் எங்களுக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கி உள்ளே போய்விட்டார்கள். வாயால் சொன்னதை அள்ளி எடுத்துவிட முடியுமென்றால் அந்த மண்ணிலிருந்தே அள்ளியிருப்பேன்.

வீட்டில் தரையெல்லாம் தண்ணீர். அப்பா லேப்டாப்பை மேசையில் வைத்தார். உட்கார்ந்து கையில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தார். நான் குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

"அவ பேக்கிங்லதான் இருக்கான்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"உங்கம்மாவுக்கு எப்பவும் பேக்கிங்தான. கேட்டுக்குப் பக்கத்துல. அன்னைக்குக் காலைல மருந்து அடைக்க ஆள் பத்தலைன்னு ஃபோர்மேன் மாத்தி விட்டிருக்காரு. எனக்குத் தெரியாது. ஓடுங்கன்னு சத்தம் கேட்டதும் பேக்கிங் பக்கந்தான் பாத்தேன். கட்டம் போட்ட சட்டையோட ஒருத்தி முன்னால ஓடுனா."

ஆலையில் பெண்கள் எல்லாரும் மருந்துத் தூசி படாமல் இருக்கச் சேலைக்கு மேலே ஆண்களின் பழைய பருத்திச் சட்டையைப் போட்டிருப்பார்கள். அம்மா போட்டுக்கொண்டு போனது அப்பாவின் சட்டை, நீலக் கட்டம் போட்டது.

"உங்கம்மான்னே நெனச்சு அவ பின்னாலயே ஓடுனேன். அவ நின்னு நின்னு திரும்பப் பாத்தா. நிக்காத, திரும்பாத, ஓடு ஓடுன்னு முதுகுக்குப் பின்னாலயே கத்திக்கிட்டுப் போனேன். கேட்டுக்கு வெளிய போயித்தான் மொகத்தப் பாத்தேன். வேற யாரோ. சரின்னு உள்ள திரும்புனேன். அதுக்குள்ள வெடிச்சிருச்சு."

கையில் இன்னும் இரண்டு மூன்று முள் இருந்தது. அவர் நகத்துக்குச் சிக்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தொடத் தைரியம் வரவில்லை.

"ஏம்ப்பா இத எங்கிட்ட சொல்லல? ரெண்டு வருசமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே பாப்பா" என்றார் அப்பா. "வீட்டுல பேக்கிங்குன்னுதான் சொல்லிட்டுப் போனா. அவள கேட்டுப் பக்கந்தான் தேடி ஓடிருப்பேன்னு ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."